மோட்டார் வண்டியின் அரைஞாண்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் டயரைப் பற்றி விசாரிப்பார்கள். பெற்றோல் விலையைப் பற்றி விவாதிப்பார்கள். வண்டியின் மேனியில் சிறு கீறல் விழுந்தாலும் மனம் வருந்துவார்கள். ஆனால் முன்மூடியைத் தூக்கியவுடன் கண்ணுக்கு நேரே, எஞ்சினின் முகப்பில், கரிய நாடாவைப் போன்ற இறப்பர்ப் பட்டி ஒன்று தெரியும். அது அறுந்து விழும் நாள் வரையில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. குழந்தையின் இடுப்பில் கிடக்கும் அரைஞாண் கயிற்றைப் போல, அதுவும் இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிடுகிறது.

கராஜுகளில் இதனை ‘ஃபேன் பெல்ட்’ என்பார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியை இப்பட்டி சுழற்றிய காலத்தில் ஏற்பட்ட பெயர் அது. இன்று பெரும்பாலான சிறு கார்களில் விசிறியைத் தனி மின்மோட்டார் ஒன்று சுழற்றுகிறது. பெல்ட்டோ வேறு மூன்று நான்கு வேலைகளைத் தலைமேற் போட்டுக்கொண்டுவிட்டது. ஆயினும் பெயர் மாத்திரம் மாறவில்லை. நாமும் இக்கட்டுரையில் அதைப் பெல்ட் என்றே அழைப்போம். கடையில் போய்த் தமிழ்ப் பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார்!

மலைநாட்டில் வாழ்வோருக்கு இந்தப் பெல்ட் அற்ப விஷயமன்று. வத்தேகம நகரையே எடுத்துக்கொள்வோம். 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கண்டி - மாத்தளை இருப்புப் பாதையில் அமைந்துள்ள இச்சிறு நகரம், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் வாசற்படி போன்றது. இங்கிருந்துதான் பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கை முதலிய இடங்களுக்குப் பாதைகள் ஏறுகின்றன. ஏறும்போது வண்டி தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்கிறது; எஞ்சினோ வெகு வேகமாகச் சுழல்கிறது. சமவெளியில் ஓடும் காருக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி ஏறும் காருக்கு அந்தக் காற்றேது? அங்கே விசிறியும், நீரைச் சுற்றி ஓடச் செய்யும் பம்பும்தான் எஞ்சினைக் காக்க வேண்டும். இறங்கும்போது வரும் அபாயம் வேறு. அதனைப் பின்னர் காண்போம்.

இந்தப் பெல்ட் செய்யும் வேலைதான் என்ன? மாணவர்களுக்கு எளிதில் விளங்க வேண்டுமானால், வீட்டிலுள்ள பழைய தையல் யந்திரத்தைப் பார்க்கச் சொல்லலாம். காலால் மிதிக்கும்போது கீழேயுள்ள பெரிய சக்கரம் சுழல்கிறது. அதிலிருந்து தோல்வார் ஒன்று மேலேறி, சிறிய சக்கரத்தைச் சுற்றி வருகிறது. பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் சிறியது பலமுறை சுற்றுகிறது. வார் தளர்ந்தால் கால் மிதித்துக்கொண்டேயிருக்கும், ஊசி இறங்காது. அப்போது தாய்மார் வாரைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, மறுபடி கொக்கி மாட்டிவிடுவார்கள். எஞ்சினின் முகப்பில் நடப்பதும் இதே காரியந்தான். மிதிப்பது காலன்று, எஞ்சினின் பிரதான தண்டு. சுழல்வது ஊசிச் சக்கரமன்று, மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரும், நீர்ப் பம்பும், சில வண்டிகளில் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்பும், குளிர்சாதனக் கம்பிரஸரும்.

தையல் யந்திரத்துக்கும் மோட்டார் காருக்கும் நடுவே இன்னொரு காலம் இருந்தது. அதனைக் காண விரும்புவோர் கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானைக்குப் போகலாம். 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அங்கே 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைத்த அக்காலத் தொழிற்சாலைகளில் யந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற வசதி கிடையாது. நீர்ச் சக்கரமோ, நீராவி எஞ்சினோ, எண்ணெய் எஞ்சினோ ஒன்றே ஒன்று இருக்கும். அது கூரையை ஒட்டிச் சென்ற நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு யந்திரத்துக்கும் அகலமான பட்டிகள் இறங்கும். கொழுந்தை உருட்டும் யந்திரத்துக்கு ஒன்று, உலர்த்தும் யந்திரத்துக்கு ஒன்று, சலிக்கும் யந்திரத்துக்கு ஒன்று என்று. தோலாலும் தடித்த துணியாலும் ஆன தட்டைப் பட்டிகள் அவை. தட்டைப் பட்டிக்குப் பெருங்குறை ஒன்றுண்டு: அது கப்பியின் மேல் வெறுமனே படிந்துதான் கிடக்கும்; ஈரம் பட்டால் வழுக்கும்; கொஞ்சம் சாய்ந்தால் நழுவி விழும். அது விழுந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் கதி அதோகதிதான்.

முதற்காலத்து மோட்டார் கார்களிலும் இத்தகைய தட்டைத் தோற்பட்டிகளோ, கயிறுகளோதான் விசிறியைச் சுழற்றின. இதற்கு மாற்று கண்டவர் அமெரிக்காவில் டென்வர் நகரைச் சேர்ந்த ஜோன் கேட்ஸ் என்பவர். அவருடைய சகோதரர் சார்ள்ஸ் கேட்ஸ் 1911இல் அந்நகரில் சிறிய தோற்பொருட் கம்பெனி ஒன்றை வாங்கியிருந்தார். ஜோன் 1917ஆம் ஆண்டில் இறப்பரையும் துணியையும் சேர்த்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவாகத் தெரியும் பெல்ட்டைச் செய்தார். மேலே அகலம், கீழே குறுகல். கப்பியிலும் அதே வடிவில் பள்ளம். பெல்ட்டை இழுக்க இழுக்க அது பள்ளத்துக்குள் ஆப்பைப் போல் இறுகும். பிடிமானம் தானாகவே பெருகும். பள்ளத்தின் இரு சுவர்களுக்குமிடையே உள்ள கோணம் நாற்பது பாகைக்குச் சற்றுக் குறைவாக இருப்பதால், அதே இழுவையில் தட்டைப் பட்டியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பிடிமானம் இதற்குக் கிடைக்கிறது. திரிகோண கணிதம் படிக்கும் மாணவர்கள் கோணத்தின் பாதிக்குச் ‘சைன்’ பார்த்து இதைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு முக்கிய விஷயம் புலப்படும். ஆப்பு வடிவப் பெல்ட்டின் பக்கங்கள்தாம் வேலை செய்கின்றன. அடிப்பாகம் கப்பியின் அடியைத் தொடவே கூடாது. பழைய காரொன்றில் கப்பியின் பள்ளத்து அடி பளபளவென்று மின்னினால், பெல்ட் தேய்ந்து கீழே இறங்கிவிட்டது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் அது இனி வழுக்கவே செய்யும்.

இறப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுட் பெரும்பகுதி நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ச் செல்வத்துக்கு அதுவே ஆரம்பம். ஆயினும் மரத்துப் பாலில் விளையும் இறப்பர் எஞ்சினின் வெப்பத்தையும் எண்ணெயையும் நெடுங்காலம் தாங்கமாட்டாது. 1930களில் அமெரிக்காவின் டியூபோண்ட் கம்பெனி ‘நியோப்ரீன்’ என்னும் செயற்கை இறப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; பிற்காலத்தில் பெல்ட்டுகள் பெரும்பாலும் அதனாலேயே செய்யப்பட்டன. இன்று ‘ஈ.பி.டி.எம்.’ என்ற வேறொரு செயற்கை இறப்பர் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. உள்ளே இழுவையைத் தாங்குபவை பொலியெஸ்டர் நூற்கயிறுகள். இறப்பர் வெறும் சதை. நரம்பு அந்தக் கயிறுதான்.

பெல்ட் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கணக்கிட்டால் வியப்பாயிருக்கும். எஞ்சினின் தண்டிலுள்ள கப்பி 15 சென்ரிமீற்றர் குறுக்களவு கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 47 சென்ரிமீற்றர். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 முறை சுற்றும்போது பெல்ட் செக்கனுக்கு ஏறத்தாழ 16 மீற்றர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 56 கிலோமீற்றர் வேகம். வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர். காலை நெரிசலில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நின்று நின்று, நாற்பது நிமிஷத்தில் ஒருவர் கண்டி போய்ச் சேர்கிறார். எஞ்சின் சராசரி இதே வேகத்தில் சுழன்றிருந்தால், வண்டி பதின்மூன்று கிலோமீற்றர் போன நேரத்தில் பெல்ட் முப்பத்தேழு கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கும்! ஒரு மீற்றர் நீளமுள்ள பெல்ட்டானால், அந்த ஒரே பிரயாணத்தில் முப்பத்தேழாயிரம் தடவை சுற்றி வந்திருக்கும்; மூன்று கப்பிகள் இருந்தால் அதன் ஒவ்வோர் அங்குலமும் இலட்சம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்ந்திருக்கும். வண்டியின் மைல்கணக்கை மாத்திரம் பார்த்துப் பெல்ட்டின் வயதைச் சொல்வது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். நெரிசலில் கிடக்கும் நகரத்துக் காரும், மலையேறும் தோட்டத்து வானும் கிலோமீற்றர் குறைவாக ஓடியே பெல்ட்டை முதுமையடையச் செய்கின்றன.

அறுந்தால் என்னவாகும்?

பழைய மொரிஸ் மைனர் காரில் (1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் தயாரான இந்தக் கார் இலங்கையில் இன்றும் பல குடும்பங்களின் செல்லப் பிள்ளை) ஒரே பெல்ட் டைனமோவையும், ஒரே தண்டில் அமைந்த நீர்ப் பம்பையும் விசிறியையும் ஓட்டுகிறது. அது அறுந்தால் மின்சாரம் இல்லை, நீரோட்டம் இல்லை, காற்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் ‘பீட்டில்’ காரிலோ நிலைமை இன்னும் விபரீதம். அதில் நீரே கிடையாது. டைனமோவின் தண்டிலேயே விசிறி பூட்டியிருக்கிறது. எஞ்சினுக்கு அந்தக் காற்றுத்தான் உயிர். அதன் சிவப்பு விளக்கு எரிந்ததும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தாதவர், எஞ்சினைக் கொன்ற பழிக்கு ஆளாவார்.

புதிய கார்களிலும் முதல் அடையாளம் அந்தச் சிவப்பு விளக்கே. பற்றரிச் சின்னம் எரிந்தவுடன் பலர், “பற்றரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று எண்ணிவிடுகிறார்கள். அது பற்றரியின் குறையன்று, ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்ற அறிவித்தல். அதற்குக் காரணம் பெல்ட் அறுந்ததாகவும் இருக்கலாம். உடனே வெப்பமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் ஏறுகிறதா? ஸ்டியரிங் திடீரெனக் கனக்கிறதா? இவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் சந்தேகமே வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டியதுதான். நீரோட்டமின்றி இரண்டு மூன்று மைல் ஓட்டினாலே எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தால் கோணிவிடக்கூடும். சில ஆயிரம் ரூபாயோடு போக வேண்டிய செலவு, அப்போது அதனைப் போலப் பல மடங்காகும்.

சூடேறிய ரேடியேட்டரின் மூடியை உடனே திறப்பவர்களை எச்சரிக்க வேண்டும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 98 பாகை சென்ரிகிரேட்டிலேயே கொதித்துவிடும். மூடியுள்ள ரேடியேட்டருக்குள் அழுத்தம் அதிகமாதலால் 115, 120 பாகை வரை அது கொதியாமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் நீங்க, அத்தனை நீரும் நீராவியாகி முகத்தில் பாயும். அரைமணி நேரம் பொறுத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முன்னே குறிப்பிட்ட இறக்கத்தின் அபாயத்துக்கு இப்போது வருவோம். பெற்றோல் எஞ்சினில், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சின் காற்றை உறிஞ்சுவதனாலேயே கிடைக்கிறது. டீசல் எஞ்சினில் அவ்வாறு கிடைப்பதில்லை. அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். நம் நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளையும் பிரயாணிகளையும் ஏற்றிச் செல்லும் பழைய டீசல் வான்கள் பலவற்றில் அந்தப் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது யார்? பெல்ட்! ஆகவே மடுல்கலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி வரும் வானில் பெல்ட் அறுந்தால், சிவப்பு விளக்கு எரிவதோடு விஷயம் முடிவதில்லை. சேமிப்பிலுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். அதன்பின் பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிடும்.

பிரேக் அடியோடு போய்விட்டது என்று சாரதி திகைத்துவிடக் கூடாது. பிரேக் இருக்கிறது, உதவி மாத்திரம் போய்விட்டது. பழக்கமற்றவர் செய்யும் பிழை, பயந்து மிதியை மீண்டும் மீண்டும் மிதிப்பது. ஒவ்வொரு மிதிக்கும் மிச்சமிருக்கும் வெற்றிடம் செலவாகும். ஒரே மிதியாக, முழுப் பலத்துடன் மிதித்து, காலை எடுக்காமல், கியரை ஒவ்வொன்றாகத் தாழ்த்தி, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நிறுத்த வேண்டும். எஞ்சினை ஓடும்போதே அணைத்துவிடவும் கூடாது. நின்ற பிறகே அணைக்க வேண்டும். பிள்ளைகளை வானில் அனுப்பும் பெற்றோர், வானின் டயரைப் பார்ப்பதோடு, “பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?” என்று சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. கோபித்துக்கொள்ளும் சாரதி அதற்குப் பதில் தெரியாதவராகத்தான் இருப்பார்.

சத்தமும் மருந்தும்

பெல்ட் திடீரென்று செத்துப்போவதில்லை. முன்கூட்டியே முனகும். மழைக்காலத்துக் காலைகளில் வண்டியைக் கிளப்பியதும் ‘கிரீச்’ என்று தெருவையே எழுப்பும் ஓசை எழுவதை எல்லோரும் கேட்டிருப்போம். இரவில் களைத்த பற்றரி, காலையில் ஆல்டர்னேட்டரிடம் நிறைய மின்சாரம் கேட்கிறது, ஆல்டர்னேட்டர் கனக்கிறது, ஈரமான, தளர்ந்த பெல்ட் வழுக்குகிறது. வழுக்கிய இடம் சூடேறி, கண்ணாடி போல் வழுவழுப்பாகிவிடும். பிறகு உலர்ந்தாலும் வழுக்கும்.

இதற்கு நம்மவர் கையாளும் மருந்துகள் பல. சிலர் சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள். சிலர் மெழுகுதிரியை உரசுவார்கள். கடைகளில் தகரக் குழாயில் அடைத்து விற்கும் திரவத்தைச் சிலர் பீச்சுவார்கள். சத்தம் அடங்கும், உண்மைதான். இருமலுக்கு வாயைக் கட்டுவது போன்ற வைத்தியம் அது. தளர்ந்தது தளர்ந்தபடியே இருக்கும். மேலே பூசியதில் தூசி சேர்ந்து பெல்ட்டை அரிக்கும். இவ்வித மருந்துகளை என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

ஓசையின் காரணத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் ஓடும்போது, எட்ட நின்று, பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது நீரைத் தெளிக்க வேண்டும். ஓசை அதிகரித்தால் இழுவை போதவில்லை. ஓசை சற்று நின்று, பிறகு திரும்பி வந்தால் கப்பிகள் ஒரே கோட்டில் இல்லை. முன்னது இறுக்கினால் தீரும். பின்னது கராஜ் பாஸின் கைக்குப் போக வேண்டியது.

இறுக்கம் சரியாக இருக்கிறதா என்பதை எஞ்சினை அணைத்த பிறகே பார்க்க வேண்டும். இரு கப்பிகளுக்கிடையே பெல்ட் மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால், பழைய வகை ஆப்புப் பெல்ட் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ வேண்டும். துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி சிறிது மாறும். வண்டியோடு வரும் கைநூலில் அது அச்சிடப்பட்டிருக்கும். “இறுக இருந்தால் நல்லதுதானே” என்று வீணைத் தந்தியைப் போல் முறுக்கிவிடுவோரும் உண்டு. அவர்களுடைய பெல்ட் வழுக்குவதில்லை. ஆனால் நீர்ப் பம்பின் பெயரிங்கும் ஆல்டர்னேட்டரின் பெயரிங்கும் ஆறு மாதத்தில் அழும். தளர்ந்த பெல்ட் தன்னைக் கெடுத்துக்கொள்கிறது. அளவு மீறி இறுகிய பெல்ட் அயலாரைக் கெடுக்கிறது.

பட்டியைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தல் இன்னொரு சோதனை. நியோப்ரீன் பெல்ட்டில் குறுக்கே வெடிப்புகள் தோன்றும். ஓர் அங்குலத்துக்குள் மூன்று வெடிப்புகள் இருந்தால் காலம் நெருங்கிவிட்டது. புதிய ஈ.பி.டி.எம். பெல்ட்டோ மிக வயதான பின்னும் வெடிப்பதில்லை. பார்வைக்குப் புதியது போலவே இருந்து ஏமாற்றும். டயரைப் போல அதன் வரம்புகள் தேய்கின்றன. தேய்ந்த பள்ளத்தை அளக்கச் சிறிய பிளாஸ்ரிக் அளவுகோல்கள் உண்டு. அது இல்லாவிடின் புதிய பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நகத்தால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எண்ணெய் ஊறிப் பெருத்த பெல்ட்டை யோசனையின்றி மாற்றிவிட வேண்டும். எண்ணெய் ஒழுகும் இடத்தை அடைக்காமல் மாற்றினால் புதியதும் அதே கதியை அடையும்.

மாற்றும் முறை

இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஆப்புப் பெல்ட் பழையது. புதிய வண்டிகளில் ஒரே நீண்ட தட்டையான பெல்ட், உட்பக்கத்தில் நீள வரம்புகளுடன், பாம்பைப் போல் எல்லாக் கப்பிகளையும் சுற்றி வளைந்தோடுகிறது. 1979ஆம் ஆண்டின் ஃபோர்ட் மஸ்டாங் காரில் முதன்முதல் இடம்பெற்ற இந்த முறை இப்போது உலகெங்கும் பரவிவிட்டது. வில் வைத்த கப்பி ஒன்று அதைத் தானாகவே இறுக்கி வைத்திருக்கும். பெருவிரற் சோதனை இதற்குப் பொருந்தாது.

எந்த வகையாயினும், வேலை தொடங்குமுன் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பற்றரியின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். மின்விசிறி, எஞ்சின் அணைந்த பின்னும் சூட்டினால் தானே சுழலத் தொடங்கக்கூடியது. சாரத்தோடும் சேலைத் தலைப்போடும் ஓடும் எஞ்சின் முன்னே குனியலாகாது; நீண்ட கூந்தலையும் முடிந்துகொள்ள வேண்டும்.

மொரிஸ் மைனர் போன்ற வண்டியில் டைனமோவைத் தாங்கும் ஆணிகளையும், இழுவையைச் சரிசெய்யும் வளைந்த கட்டையின் ஆணியையும் ஸ்பானரால் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தளரும். விசிறியின் இதழ்கள் ஒவ்வொன்றையும் தாண்டவைத்து வெளியே எடுத்து, புதியதை அவ்வாறே உள்ளே கொண்டுபோக வேண்டும். கப்பியின் விளிம்பில் திருப்புளியை வைத்து நெம்பி ஏற்றுவது பெருங்குற்றம். வெளியே காயம் தெரியாது, உள்ளே கயிறு அறுந்துபோகும். பீட்டில் காரில் டைனமோ அசையாது. அதன் கப்பி இரண்டு பாதிகளாகப் பிரியும்; நடுவேயுள்ள மெல்லிய வளையங்களை எடுத்து வெளிப்புறம் போட்டால் பாதிகள் நெருங்கி, பெல்ட் மேலேறி இறுகும். வளையங்களை எறிந்துவிடாமல் வெளிப்புறத்தில் வைத்தே பூட்டுவதனால், அடுத்த பெல்ட்டுக்கு அவை மீண்டும் கிடைக்கும்.

வரம்புப் பெல்ட்டைக் கழற்றுமுன் அது ஓடும் வழியைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். முன்மூடியின் அடியில் படம் ஒட்டப்பட்டிருக்கும் என்பார்கள்; முன்பு வேறொருவர் பாவித்து, பூச்சு மாற்றி, நம் நாட்டுக்கு வந்த வண்டியில் அந்தப் படம் பிழைத்திருப்பது அரிது. கைத்தொலைபேசியால் ஒரு புகைப்படம் எடுத்தாலும் போதும். பிறகு வில்லுக் கப்பியை ஸ்பானரால் மெல்லத் திருப்பிப் பிடித்தால் பெல்ட் தளர்ந்து கையோடு வரும். வெறுமையான கப்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிப் பார்க்க இதுவே தருணம். கரகரவென்று ஒலித்தாலோ ஆடினாலோ அந்தப் பெயரிங் முடிந்துவிட்டது; அதை விட்டுப் புதுப் பெல்ட்டை மட்டும் போடுவது வீண். புதியதைக் கடைசியாக, பள்ளங்களில்லாத வழுவழுப்பான கப்பியின் மேல் ஏற்றுவது இலகு. ஒவ்வொரு கப்பியிலும் எல்லா வரம்புகளும் பள்ளத்தில் அமர்ந்துள்ளனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வரம்பு வெளியே நின்றாலும், வண்டி வீதிக்கு ஏறுமுன் பெல்ட் கிழிந்துவிடும்.

கடையில் வாங்கும்போது பழைய பெல்ட்டைக் கொண்டுபோவது வழக்கம். ஆனால் பழையது நீண்டிருக்கும். முதுகில் அச்சிட்ட எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது மேல். ‘6 பி.கே. 1750’ என்றிருந்தால் ஆறு வரம்புகள், நீளம் 1,750 மில்லிமீற்றர். நடுவிலுள்ள எழுத்துகள் வரம்பின் வகையைக் குறிக்கும். கண்டியில் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்பது வழக்கம். அங்கே அசலும் கிடைக்கும், அசலைப் போன்றதும் கிடைக்கும். எண் எளிதில் அழிகிறதா, ஓரம் பிசிறாயிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். இடையே 2022இன் பொருளாதார நெருக்கடியில் உதிரிப் பாகங்களுக்கே தட்டுப்பாடு. ஐந்து வருஷமாக ஓய்வின்றி உழைத்த பழைய வண்டிகள் இன்னும் நம் பாதைகளில் ஏராளம். அவற்றுள் ஆப்புப் பெல்ட் உள்ளவற்றுக்கு நாலைந்து வருஷத்துக்கொரு முறை பெல்ட் மாற்றுவது செலவன்று, சேமிப்பு.

எஞ்சினுக்குள் மறைந்திருக்கும் ‘டைமிங் பெல்ட்’ இதனின்றும் வேறானது. பற்கள் கொண்ட அப்பட்டியை 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தன் காரில் புகுத்தியது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்து முழு எஞ்சினும் பாழாகும். அதனை வீட்டில் தொடாமல் தேர்ந்த பாஸிடம் விடுவதே தகும். மறுபுறம், 2009இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போன்ற கலப்பு வண்டிகளில் வெளிப் பெல்ட்டே கிடையாது. நீர்ப் பம்பு முதல் குளிர்சாதனம் வரை யாவும் மின்சாரம். நம் பேரப்பிள்ளைகள் இந்தக் கறுப்புப் பட்டியை ஹந்தானை நூதனசாலையில்தான் காண்பார்களோ என்னவோ!

புதிய ஆப்புப் பெல்ட் பூட்டியவர்கள் ஒன்றை மறக்கலாகாது. புதியது முதற் சில மணி நேரத்திலேயே சற்று நீண்டு கொடுக்கும். பூட்டியபின் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பன்வில வரை ஓர் ஏற்றம் ஏறி இறங்கிய பின் மற்றொரு முறை. கழற்றிய பழைய பெல்ட்டில் வெடிப்பில்லையென்றால், அதைத் துடைத்து, மடிக்காமல் வளையமாகவே கட்டி, தகுந்த ஸ்பானர் ஒன்றையும் கூடச் சேர்த்து, டிக்கியில் உதிரிச் சக்கரத்தின் பக்கத்தில் போட்டு வைக்கலாம்.